காற்றுக்கும் சேர்த்து ஒரு முட்டு

கொட்டச்சேட்டில் விமானம் இறங்க இடம் கிடையாது. குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில், காபித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே இருக்கும் ஊர் அது. சமதரை என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு நிலம் கிடைத்தாலே பெரிது. ஆனாலும் இலகு விமானத்தின் கதவைப் பற்றி எழுத நினைத்தபோது இந்த ஊரிலிருந்துதான் தொடங்கத் தோன்றியது. மார்கழிக் குளிரில் இங்கே இரவு தங்கும் கார்கள்தான் அதற்குக் காரணம்.

சுற்றுலா வந்தவர்கள் காலையில் கிளம்புவதற்காக ஹேட்ச்பேக் காரின் பின்கதவைத் தூக்குவார்கள். சேலத்தில் முந்தின நாள் மத்தியானம் தூக்கிய உயரத்தில் அசையாமல் நின்ற கதவு, இங்கே விட்ட கையோடு மெல்ல இறங்கத் தொடங்கும். வண்டி சற்றுப் பழையது என்றால் சொல்லவே வேண்டாம். ஒருவர் தோளால் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் பெட்டிகளை அடுக்குவார். அதே வண்டி மலையிறங்கி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் கதவு மறுபடி நிமிர்ந்து நிற்கும். எதுவும் பழுதாகவும் இல்லை, யாரும் சரிசெய்யவும் இல்லை. வெப்பநிலை மட்டும்தான் மாறியது.

கதவைத் தாங்குவது அதன் பக்கவாட்டில் இருக்கும் கேஸ் ஸ்ட்ரட் என்னும் உருளை. உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டை 30 கிலோ அளவு விசையோடு வெளியே தள்ள வேண்டுமானால், உள்ளே காற்று மண்டலத்தைப்போல் 60 மடங்கு அழுத்தம் வேண்டும். மூடிய கலத்துக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். சேலத்து வெயிலில் 38 டிகிரி. மலையில் விடியற்காலை 12 டிகிரி. தனி வெப்பநிலைக் கணக்கில் இது 311க்கும் 285க்கும் உள்ள வித்தியாசம். அதாவது, மலையில் ஸ்ட்ரட்டின் பலம் 8 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். புது ஸ்ட்ரட்டில் தேவைக்கு மேல் தெம்பு இருப்பதால் இந்தக் குறைவு தெரியாது. சில ஆண்டுகளில் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அந்த உபரித் தெம்பு தீர்ந்துபோன பிறகு, கதவு நிற்பதா விழுவதா என்பதை அந்த 8 சதவீதமே முடிவு செய்கிறது.

இதே ஸ்ட்ரட் சில சிறு விமானங்களிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ நான்கு இருக்கை விமானத்தின் கதவுகள் மேல்நோக்கித் திறந்து, பறவை சிறகை விரித்த கோலத்தில் நிற்கும். ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் பொதுமுடக்கக் காலத்தில் தன் கையால் கட்டி, 2022-இல் குடும்பத்தோடு பறந்தது இந்த வகை விமானத்தில்தான். ஆனால் அதைவிட எளிய, எடை குறைந்த விமானங்கள் பல உண்டு. நம் என்சிசி விமானப் பிரிவு மாணவர்கள் பல ஆண்டுகள் பறக்கப் பழகிய ஜென் ஏர் சிஎச்-701 அப்படியான ஒன்று. பிரான்சிலிருந்து கனடாவில் குடியேறிய கிறிஸ் ஹைன்ட்ஸ் 1980களில் வடிவமைத்த இரண்டு இருக்கை விமானம் அது. இறக்கை தலைக்கு மேலே. உடல் முழுக்க மெல்லிய அலுமினியத் தகடு. கதவுகளின் கீல் மேலே, இறக்கையை ஒட்டி. பின்னர் என்சிசிக்கு வந்த ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் வைரஸ் விமானத்திலும் கதவு மேல்நோக்கித்தான் திறக்கும்.

மேலே கீல் வைத்த கதவு ஏறி இறங்க வசதியானது. பக்கவாட்டில் இடத்தை அடைக்காது. இறக்கைக்குக் கீழே ஒதுங்கிவிடும். ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். பிடிக்க எதுவும் இல்லையென்றால் தலையில் விழும், அல்லது விளிம்பு விரலை நசுக்கும். ‘கதவை மூடியே வைத்தால் என்ன’ என்று நம் ஊர் வெயிலில் யாரும் கேட்க மாட்டார்கள். பாலிகார்பனேட் ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் உள்ளே வந்து இருக்கைகளையும் கருவிப் பலகையையும் சூடாக்கும். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கும். மே மாதத்தில் மூடிய விமான அறைக்குள் வெப்பம் 50 டிகிரியை எளிதில் தாண்டிவிடும். இரண்டு கதவுகளையும் மேலே தூக்கி நிறுத்திவிட்டால் சூட்டுக் காற்று மேல்வழியாகப் போய், கீழ்வழியாகப் புதுக் காற்று வரும். பறப்பதற்கு முன் செய்யும் சோதனைகள், எண்ணெய் பார்ப்பது, பெல்ட்டைச் சரிசெய்வது, மாணவருக்குக் கருவிகளைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் கதவு திறந்திருக்கும்போது நடப்பவை. ஆகவே கதவுக்கு ஒரு முட்டு வேண்டும்.

கேஸ் ஸ்ட்ரட்டையே வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நெம்புகோல் கணக்கு குறுக்கே நிற்கிறது. வீட்டுக் கதவைப் பிடியருகே தள்ளாமல் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தால் இது புரிந்துவிடும். கணக்குக்காக ஒரு விமானக் கதவை எடுத்துக்கொள்வோம். எடை 4 கிலோ, கீலிலிருந்து கீழ்விளிம்பு வரை 80 சென்டிமீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர். படுக்கைவாட்டில் தூக்கி நிறுத்தினால் எடை முழுவதும் கீலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, நடுவில் தொங்குவதாகக் கொள்ளலாம். ஸ்ட்ரட்டை மடக்கி வைக்க இடம் வேண்டும் என்பதால் அதைக் கீலுக்கு அருகே, 15 சென்டிமீட்டரில்தான் பொருத்த முடியும். நேர்க்குத்தாகத் தாங்கினாலே கிட்டத்தட்ட 11 கிலோ விசை தேவை. ஸ்ட்ரட் கதவோடு 30 டிகிரி சாய்ந்து நிற்குமானால் அது இரட்டிப்பாகி 21 கிலோவுக்கு மேல் போகும். அந்த விசை முழுவதும், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகட்டில் ஒரு சின்ன ரிவெட் பட்டியின் மேல் வந்து உட்காரும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது தகட்டை இழுக்கும்; மூடிய பிறகும் கதவை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் அதற்கென்றே வலுப்படுத்திச் செய்த கதவு என்றால் சரி. அப்படி வலுப்படுத்தாத கதவில் அதைத் திணிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

அதே கதவை விளிம்பருகே, கீலிலிருந்து 75 சென்டிமீட்டரில் ஒரு கம்பால் தாங்கினால்? 2 கிலோவுக்குச் சற்று மேல் போதும். கம்பு சாய்ந்து நின்றாலும் 3 கிலோ. ஸ்ட்ரட் கேட்டதில் ஏழில் ஒரு பங்கு. பறக்கும்போது கம்பு அங்கே இருக்காது என்பதால் மடக்கி ஒளித்துவைக்கும் சிக்கலும் இல்லை. வீட்டில் செய்த முட்டு, விலை கொடுத்து வாங்கும் கருவியை வெல்வது விலையால் மட்டும் அல்ல. தாங்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதற்கு இருக்கிறது.

இந்தக் கணக்கோடு நிறுத்திவிட்டு ஒரு குச்சியை முட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். விமானக் கொட்டகைக்குள் அது அழகாக நிற்கும். வெளியே, ஆடிக்காற்றில், நிற்காது.

எடை எப்போதும் கீழ்நோக்கி மட்டும் இழுக்கும். காற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று தன்னைத் தடுக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 4 கிலோ விசையைச் செலுத்தும். நம் கதவின் பரப்பு 0.72 சதுர மீட்டர். அரைகுறையாகச் சாய்ந்து நிற்கும் கதவின் அடிப்பக்கத்தில் அது முழுமையாக மோதினால் 3 கிலோ தூக்கு விசை கிடைக்கும்; 4 கிலோ கதவின் எடையில் பெரும்பகுதி அப்போதே கரைந்துவிடும். காற்றின் வேகம் கூடும்போது விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். 40 கிலோமீட்டரில் 5 கிலோவைத் தாண்டும். 60 கிலோமீட்டரில் 12 கிலோ. இதற்கு வானிலை மோசமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்து விமானம் என்ஜினைக் கிளப்பித் திரும்பினால் அதன் சுழலி தள்ளும் காற்றே போதும்.

அப்போது நடப்பதைக் கவனியுங்கள். ஒரு வீச்சுக் காற்று கதவை மேலே தூக்குகிறது. குச்சியின் மேல் இருந்த பாரம் போய்விட்டதால் குச்சி தளர்ந்து சரிகிறது. கதவு இறக்கையின் அடிப்பரப்பில் மோதுகிறது. வீச்சு ஓய்ந்ததும் 4 கிலோ கதவு தடுப்பார் இல்லாமல் கீழே வருகிறது, கீழே நிற்பவர் தலைக்கு. குச்சி உடையவில்லை, வளையவில்லை, நீளமும் குறையவில்லை. தள்ளுவதற்கு மட்டும் தெரிந்த குச்சி அது, பிடித்திழுக்கத் தெரியாது.

கேஸ் ஸ்ட்ரட்டின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. முழுக்க நீண்டபின் அதன் தண்டு மேற்கொண்டு வெளியே வராது. கதவு மேலே பறக்கப் பார்த்தாலும் அதுவே பிடித்து நிறுத்தும். இரு முனையும் கதவோடும் உடலோடும் பூட்டப்பட்டிருப்பதால் தளர்ந்து விழவும் வழியில்லை. ஆக, நாம் செய்யும் முட்டும் இரண்டு வேலை செய்ய வேண்டும்: எடை வரும்போது தள்ளித் தாங்க வேண்டும், காற்று வரும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஒரே பொருளை இரண்டுக்கும் பயன்படுத்தினால் முனைகளில் பூட்டு, திருகு என்று சிக்கல் கூடும். எனக்குச் சிறந்ததாகப் படுவது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. தள்ளுவதற்கு ஒரு குழாய்; அந்தக் குழாயின் உள்ளேயே ஓடும் ஒரு கயிறு இழுப்பதற்கு. கயிற்றின் ஒரு முனை கதவின் கைப்பிடிச் சட்டத்தில், மறுமுனை வாசலின் கீழ்விளிம்பில். குழாய் இரண்டுக்கும் நடுவே இறுக்கமாக நிற்கும். கதவு இறங்க முயன்றால் குழாய் தடுக்கும். ஏற முயன்றால் கயிறு தடுக்கும். குழாயால் இழுக்க முடியாது, கயிற்றால் தள்ள முடியாது. இரண்டும் சேர்ந்தால் கதவு எந்தப் பக்கமும் அசைய வழியில்லை. கயிறு குழாய்க்குள்ளேயே இருப்பதால் குழாய் நழுவினாலும் தொலைந்து போகாது.

குழாய்க்கு என்ன பொருள்? கொட்டச்சேட்டிலிருந்து பேசும்போது அலுமினியத்தைத் தவிர்க்க முடியாது. சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். மழையும் வெயிலும் யுகக்கணக்கில் இந்தப் பாறையைச் சிதைத்து, கரையக்கூடியவற்றையெல்லாம் அடித்துச் சென்றபின், மலையின் மேல்தளத்தில் மிஞ்சியதுதான் பாக்சைட். அலுமினியத்தின் மூலத்தாது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நம் மக்கள் பேச்சில் மால்கோ, 1965-இல் உலோகம் எடுக்கத் தொடங்கியது. இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதற்குத் தாது போனது. விமானத்தை விமானமாக்கிய உலோகம் சேலம் மாவட்டத்துக்கு அந்நியமானது அல்ல. அந்தத் தாதுக்காக மலையின் தலை சீவப்பட்டதையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும். உலோகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்பது வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல, கடமையும்தான்.

சிக்கனம் எந்த அளவுக்கு முடியும்? 12 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் சுவர், 110 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியக் குழாயின் எடை வெறும் 100 கிராம். நீளமான மெல்லிய தூணை அழுத்தினால் அது நொறுங்குவதில்லை. ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து மடங்கும். 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் கண்டுபிடித்துத் தந்த கணக்குப்படி இந்தக் குழாய் மடங்க 30 கிலோ விசை வேண்டும். நமக்குத் தேவை 3 கிலோ. கதவு காற்றில் குதித்து விழுந்து உண்டாக்கும் அதிர்ச்சிக்கும், குழாய் சற்றுக் கோணலாக நிற்பதற்கும் தாராளமாக இடம் இருக்கிறது.

ஆய்லரின் சூத்திரத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அதில் இல்லாத ஒன்று. உலோகம் எத்தனை கிலோவில் உடையும் என்ற வலிமை அளவு அதில் வருவதே இல்லை. வருவது விறைப்பு, குழாயின் குறுக்குவெட்டு வடிவம், நீளம். அலுமினியக் கலவைகளுக்குள் வலிமை பெருமளவு வேறுபடும். விறைப்போ ஏறத்தாழ ஒன்றுதான். விமானப் பாகங்களுக்கான உயர்ரகக் கலவையும், ஜன்னல் சட்டம் செய்யும் கடையில் கிடைக்கும் சாதாரணக் கலவையும் இந்த முட்டு வேலையில் ஒரே பாரத்தில்தான் மடங்கும். எனவே கடைக் குழாய் போதும். இதை விமானத்தின் வேறு எந்தப் பாகத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. அங்கெல்லாம் வலிமையும் உலோகச் சோர்வும்தான் உயிரைத் தீர்மானிக்கின்றன. நீளம் மட்டும் இங்கே கொடுமையான எதிரி: இருமடங்கு நீண்டால் தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகிவிடும். எனவே முட்டு தரையிலிருந்து நிற்கக் கூடாது. விமான வாசலின் கீழ்விளிம்பிலிருந்து நிற்க வேண்டும். தரையில் ஊன்றினால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆள் ஏறினால் சக்கரம் அமுங்கி விமானம் தாழும், முட்டு தாழாது, கதவு முறுக்கிக்கொள்ளும்.

மின்வயர் ஓட்டும் பிவிசி குழாயைத்தான் பலர் எடுப்பார்கள். 20 மில்லிமீட்டர் குழாய் அறை வெப்பத்தில் 8 கிலோவுக்கு மேல் தாங்கும், கணக்குப்படி போதுமானதுதான். ஆனால் பிவிசி 80 டிகிரி அருகில் இளகும் பொருள். 60 டிகிரியிலேயே அதன் விறைப்பு நன்றாகத் தளர்ந்துவிடும். வெயிலில் காய்ந்த இருக்கையின் மேல் கிடந்த குழாயை எடுத்து உடனே முட்டுக் கொடுத்தால் அது மெல்ல வில்லாகும். ஆறியபிறகு அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். வளைந்த தூணுக்கு ஆய்லரின் கணக்கு பொருந்தாது. மூங்கில் நல்ல விறைப்பும் குறைந்த எடையும் உள்ளது. விமான முன்னோடி சாண்டோஸ் துமோன் தன் டெமுவசெல் விமானத்தின் உடலையே மூங்கிலில் கட்டினார். ஆனால் முனையில் வெட்டு கொடுத்தால் நாரோடு பிளந்துகொண்டு போகும். மலை ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாண்டுவதே கடினம். அலுமினியம்தான் என் தேர்வு.

வீட்டில் செய்த விமானக் கருவி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விமானத்தின் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்த விமானத்தைக் கட்ட ஏற்பாடு செய்தவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி’ஆஞ்சலிஸ். செய்து கொடுத்தது குதிரை வண்டிகள் கட்டிய சிம்ப்சன் கம்பெனி. நூறாண்டுக்குப் பிறகு, பேசவும் கேட்கவும் இயலாத இடுக்கி மாவட்டத்துக்காரர் சஜி தாமஸ், கிடைத்த பொருட்களைச் சேர்த்துக் கட்டிய இலகு விமானம் 2014-இல் பறந்து காட்டப்பட்டது நம் மணிமுத்தாற்றில். தன் கையால் ஒன்றைச் செய்பவர் அதன் ஒவ்வொரு விசையும் எங்கே போகிறது என்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விதான் பொறியியல்.

இனி செய்யும் விதம். முதலில் ஒருவர் கதவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இறக்கையின் அடிப்பரப்புக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். கதவு இறக்கையை உரசவே கூடாது. அந்த நிலையில் கதவின் கீழ்ச்சட்டத்துக்கும் வாசல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை ஒரு நேரான குச்சியால் அளந்து, குழாயை ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அறுக்க வேண்டும். இரு முனையிலும் ஆக்ஸா பிளேடால் சட்டத்தின் தடிமனுக்கு ஏற்ப ஆங்கில யூ வடிவில் வெட்டு. வெட்டின் அடிமூலை கூராக இருக்கக் கூடாது. வட்ட அரத்தால் வளைவாக்க வேண்டும். கூர்மூலையில்தான் விசை குவிந்து விரிசல் தொடங்கும். உள்விளிம்பில் நிற்கும் பிசிறைத் தேய்த்து எடுக்காவிட்டால், உள்ளே ஓடும் கயிற்றை அது இழை இழையாக அறுத்துவிடும். பிறகு ஒவ்வொரு முனைக்கும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உறையாக மாட்டி, வெட்டுக்குள் மடித்துவிட்டால் விமானத்தின் தகட்டில் கீறல் விழாது. ரப்பர் நழுவலையும் தடுக்கும்.

கயிறு பாலியஸ்டராக இருந்தால் நல்லது. நைலான் நீளும், நனைந்தால் இன்னும் நீளும்; நீண்ட அளவுக்குக் கதவு ஆடும், குழாய் கழலும். எலாஸ்டிக் கயிறு சுலபமாக மாட்டலாம் என்று தோன்றும், ஆனால் பலத்த காற்றில் அது நீண்டு கொடுத்து, தடுக்க வேண்டிய அசைவையே அனுமதித்துவிடும். மேல்முனையைச் சட்டத்தில் சுற்றி, கீழ்முனையை வாசலருகே ஏற்கெனவே இருக்கும் துளை ஒன்றில் கோத்து இழுத்து, சுண்டினால் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். புதுத் துளை வேண்டாம். மெல்லிய தகட்டில் போடும் ஒவ்வொரு துளையும் விரிசலுக்கு விதை. சான்று பெற்ற விமானத்தில் அனுமதியில்லாமல் நிரந்தர மாற்றம் செய்வது சட்டப்படியும் கூடாது. கழற்றி எடுத்து வைக்கும் முட்டு விமானத்தின் பாகம் அல்ல. சக்கரத்துக்கு வைக்கும் கட்டையைப்போலத் தரையிலேயே தங்கிவிடும் சாமான். அதை அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது. ஆனாலும் பயிற்சி நிலையத்து விமானம் என்றால் பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டிவிட்டே மாட்ட வேண்டும்.

முட்டு ஜன்னலின் மேல் படவே கூடாது. பாலிகார்பனேட் சுத்தியல் அடியைத் தாங்கும், ஆனால் பெட்ரோலும் சில ரசாயனங்களும் பட்ட இடத்தில் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் மயிரிழை விரிசல்கள் கிளம்பும். எரிபொருள் நிரப்பிய கையோடு முட்டைப் பிடித்து, அதன் முனையை ஜன்னல் தகட்டில் ஊன்றுவது இரண்டையும் ஒருசேரக் கொடுப்பதாகும். பாரம் உலோகச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.

கதவு விழுவதைவிட நான் அதிகம் அஞ்சுவது முட்டுக் குழாயைக் கழற்ற மறப்பதற்குத்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் மேலேறியதும் செங்குத்தாகி விழுந்து எரிந்தது. விமானி மேஜர் ப்ளோயர் ஹில் உட்பட இருவர் இறந்தனர். நிறுத்தியிருக்கும்போது காற்றில் வால் மடல்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் பூட்டைத் திறக்காமலே கிளம்பியிருந்தார்கள். தரையில் காப்பாற்ற வைத்த சாதனம் வானில் கொன்றது. விமானிகளின் சரிபார்ப்புப் பட்டியல் வழக்கமானது அந்த விபத்துக்குப் பிறகுதான். 100 கிராம் குழாயும் இதே வேலையைச் செய்யக்கூடும். இருக்கைக்குக் கீழே போட்ட குழாய் உருண்டு சுக்கான் மிதிக்கு அடியில் போய் நின்றால், விமானியின் கால் எவ்வளவு அழுத்தினாலும் மிதி அசையாது.

எனவே மறக்க முடியாதபடி அதை வடிவமைக்க வேண்டும். முட்டு வாசலின் முன்பக்கமாக, ஏறும்போது முழங்காலில் இடிக்கிற இடத்தில் நிற்கட்டும். அதைக் கழற்றாமல் உட்கார முடியாது, கதவையும் மூட முடியாது. பளிச்சென்ற சிவப்புத் துணிப்பட்டை ஒன்று, இரண்டு முழ நீளத்தில், அதிலிருந்து தொங்க வேண்டும். கழற்றிய முட்டு விமானத்துக்குள் போகக் கூடாது. கொட்டகைச் சுவரில் அதற்கென ஆணி; ஒரே விமானத்துக்கு இரண்டு முட்டு என்றால் இரண்டு ஆணி. கிளம்பும் முன் ஆணிகளைப் பார்த்தாலே போதும். வெளியூர் போகும்போது கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால், இருக்கைக்குப் பின்னால் பெல்ட்டால் கட்டிய பைக்குள் மட்டும்.

விமானத்தில் மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். எடை பார்க்கும் மெஷின் மேல் குழாயை நிறுத்தி, மேலே ஒரு பலகை வைத்து, முள் 10 கிலோ காட்டும்வரை கைகளால் அழுத்துங்கள். வேறொருவர் பக்கத்திலிருந்து குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்கட்டும். வளைவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. கயிற்றில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்து முடிச்சு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகக் காற்று கதவின் நடுவில் தரும் 12 கிலோ, கதவின் எடையைக் கழித்து விளிம்புக்கு வரும்போது நான்கைந்து கிலோவாகிவிடும். கயிற்றுக்கு 20 என்பது அதற்குப் போதுமான காப்பு. அதற்கு மேற்பட்ட காற்றில் கதவைத் திறந்து வைக்கவே கூடாது. மூடித் தாழிட்டு விமானத்தைத் தரையோடு கட்டிவிட வேண்டும். புற ஊதாக் கதிர் பாலியஸ்டரையும் ரப்பரையும் அரித்துவிடும் என்பதால் கயிற்றையும் டியூப் துண்டுகளையும் ஒவ்வொரு கோடைக்குப் பிறகும் மாற்றிவிட வேண்டும். குழாயை மாற்ற வேண்டிய தேவை, அது எங்காவது நெளிந்தால் மட்டுமே வரும்.